ஹைட்ரஜன் பெராக்சைடு: செல்லுக்குள் செய்தி, அளவு மீறினால் நஞ்சு

மருந்துக்கடையில் வாங்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு குப்பியில் பெரும்பாலும் 6 சதவீதம், 20 வால்யூம் என்று அச்சிட்டிருக்கும். காயத்தில் ஊற்றினால் வெண்ணுரை பொங்கும். ரத்தத்திலும் சிதைந்த திசுவிலும் உள்ள கேட்டலேஸ் என்ற நொதி, பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைப்பதால் வரும் நுரை அது. அந்தக் குப்பியின் செறிவு லிட்டருக்கு ஏறக்குறைய 1.8 மோல். இதே பொருள் நம் செல்களுக்குள்ளும் எந்நேரமும் இருக்கிறது. அங்கே அதன் அளவு 1 முதல் 10 நானோமோலார். குப்பியில் இருப்பது செல்லில் இருப்பதைவிடக் குறைந்தது 18 கோடி மடங்கு அதிகம்.

செல்லுக்குள் இருக்கும் அந்தத் துளி அளவைக் கழிவு என்று எண்ணிவிடக் கூடாது. செல் அதை வேண்டுமென்றே தயாரிக்கிறது. தைராய்டு சுரப்பியில் டியூவாக்ஸ்-2 என்ற நொதிக்குப் பெராக்சைடு தயாரிப்பதைத் தவிர வேறு வேலையே இல்லை. அந்தப் பெராக்சைடு இல்லாவிட்டால் அயோடின் புரதத்தில் ஏறாது, தைராய்டு ஹார்மோன் உருவாகாது. அந்த மரபணுவில் பழுதோடு பிறக்கும் குழந்தைக்குத் தைராய்டு குறைபாடு வரலாம். ரத்த வெள்ளணுக்களில் நாக்ஸ்-2 என்ற நொதி பழுதானால் கிருமிகளைக் கொல்லும் ஆக்சிஜன் வெடிப்பு நிகழாமல், ஸ்டெஃபிலோகாக்கஸ், ஆஸ்பர்ஜில்லஸ் போன்ற தொற்றுகள் திரும்பத் திரும்ப வந்து குழந்தை அவதிப்படும். ‘ஃப்ரீ ரேடிக்கல் (இணையில்லாத எலெக்ட்ரானோடு அலையும் மூலக்கூறு) எல்லாம் எதிரி, ஆன்ட்டிஆக்சிடன்ட் எல்லாம் நண்பன்’ என்று விளம்பரங்கள் சொல்லித்தரும் பாடம் இந்த இரண்டு நோய்களிடமே நிற்காது.

அந்தப் பாடத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. அதிக ஆக்சிஜனும் எக்ஸ் கதிரும் ஒரே வழியில்தான் உடலைச் சேதப்படுத்துகின்றன என்று 1954இல் ரெபெக்கா கெர்ஷ்மன் குழு எழுதியது. முதுமைக்குக் காரணம் ஃப்ரீ ரேடிக்கல்களே என்று 1956இல் டென்ஹாம் ஹார்மன் முன்வைத்தார். 1969இல் டியூக் பல்கலைக்கழகத்தில் மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் நொதியைக் கண்டறிந்தார்கள். சூப்பராக்சைடை (எலெக்ட்ரான் ஒன்று கூடுதலாக ஏறிய ஆக்சிஜனை) அழிப்பதற்கென்றே ஒரு நொதி இருக்கிறதென்றால் அது ஆபத்தான பொருளாகத்தான் இருக்கவேண்டும் என்ற எண்ணம் வலுப்பட்டது. 1985இல் ஜெர்மனியின் ஹெல்முட் சீஸ் இதற்கு ‘ஆக்சிஜனேற்ற அழுத்தம்’ என்று பெயர் வைத்தார்: ஆக்சிஜனேற்றும் பொருள்களின் கை, தடுக்கும் பொருள்களைவிட ஓங்கிய நிலை. அதே சீஸ் பின்னர் டீன் ஜோன்ஸுடன் சேர்ந்து அந்த வரையறையைத் திருத்தினார். ‘ரெடாக்ஸ் (எலெக்ட்ரான் கைமாறும்) சமிக்ஞையும் கட்டுப்பாடும் குலைதல்’ என்பதையும் அதில் சேர்த்தார். அந்தத் திருத்தம்தான் இன்றைய அறிவியலின் மையம். ஆனால் முதல் வரையறை மாத்திரைப் பெட்டிகளில் ஏறிவிட்டது, திருத்தம் ஏறவில்லை.

இடையில் நடந்தது இதுதான். 1995இல் அமெரிக்காவில் டோரன் ஃபிங்கலின் ஆய்வகம், ரத்தக்குழாயின் தசைச் செல்களுக்கு பி.டி.ஜி.எஃப். என்ற வளர்ச்சிக் காரணியைக் கொடுத்தது. செல்லுக்குள் பெராக்சைடு சில நிமிடங்களுக்கு உயர்ந்தது. முன்கூட்டியே செல்லுக்குள் கேட்டலேஸை ஏற்றி அந்தப் பெராக்சைடை அழித்தபோது, வளர்ச்சிக் காரணியின் கட்டளையே செல்லுக்குக் கேட்கவில்லை. 2009இல் ஹார்வர்டில் ஸீப்ரா மீன் குஞ்சுகளின் வால்நுனியை வெட்டி, பெராக்சைடைக் கண்டால் ஒளிரும் ஹைப்பர் என்ற புரதத்தின் வழியே நுண்ணோக்கியில் பார்த்தார்கள். வெட்டிய சில நிமிடங்களில் காயத்தின் விளிம்பில் பெராக்சைடு எழும்பி, சுமார் 20 நிமிடத்தில் உச்சத்தை எட்டி, 100 முதல் 200 மைக்ரோமீட்டர் தூரத்துக்குத் திசுவுக்குள் பரவியது. அதன் பிறகுதான் வெள்ளணுக்கள் காயத்தை நோக்கி வந்தன. பெராக்சைடு தயாரிக்கும் டியூவாக்ஸைத் தடுத்தபோது வெள்ளணுக்களின் வரவும் தடைபட்டது.

இரண்டு அணுக்கள் ஹைட்ரஜன், இரண்டு அணுக்கள் ஆக்சிஜன். இவ்வளவு எளிய மூலக்கூறு எப்படிச் செய்தி சொல்லும்? விடை கந்தகத்தில் இருக்கிறது. புரதங்களில் வரும் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் நுனியில் கந்தகமும் ஹைட்ரஜனும் சேர்ந்த தயால் தொகுதி உள்ளது. சாதாரணச் சிஸ்டீனின் பி.கே.ஏ. (பாதித் தயால்கள் ஹைட்ரஜனைக் கழற்றிவிடும் பி.எச். அளவு) 8.3 அளவில் இருக்கும், செல்லின் பி.எச். 7.2இல் அது ஹைட்ரஜனை விடாமல் பிடித்துக்கொண்டு பெராக்சைடைக் கண்டுகொள்வதில்லை. சில புரதங்களின் மையத்தில் மட்டும், அக்கம்பக்கத்து அமினோ அமிலங்களின் தயவால் பி.கே.ஏ. 5 வரை இறங்கிவிடும். அங்கே கந்தகம் ஹைட்ரஜனைக் கழற்றிவிட்டு எதிர்மின்னேற்றத்தோடு நிற்கும். பெராக்சைடு தாக்குவது அதைத்தான்.

பி.டி.பி.1பி என்ற நொதியை எடுத்துக்கொள்வோம். இன்சுலின் ஏற்பியின் மீது ஏறிய பாஸ்பேட்டைக் கழற்றி, இன்சுலினின் கட்டளையை முடித்துவைப்பது இதன் வேலை. வேலை செய்யும் இடம் 215ஆம் சிஸ்டீன். பெராக்சைடு பட்டதும் அந்தக் கந்தகத்தில் ஓர் ஆக்சிஜன் ஏறி, அது சல்ஃபீனிக் அமிலமாகிறது. நொதி நின்றுபோகிறது, இன்சுலினின் கட்டளை நீடிக்கிறது. சல்ஃபீனிக் நிலையில் விட்டால் இன்னும் இரண்டு ஆக்சிஜன்கள் ஏறி, கந்தகம் நிரந்தரமாகக் கெட்டுவிடும். அதைத் தடுக்க, அந்தக் கந்தகம் பக்கத்திலிருக்கும் 216ஆம் செரினின் நைட்ரஜனோடு வளையம் கட்டிக்கொள்கிறது. 2003இல் இரண்டு குழுக்கள் இந்த வளையத்தைப் படிக அமைப்பிலேயே கண்டன. வளையத்துக்குள் இருக்கும் கந்தகத்தைப் பெராக்சைடால் மேலும் தொடமுடியாது. ஆனால் செல்லில் எலெக்ட்ரான் தந்து பழுதுபார்க்கும் குளுட்டாதயோனோ தயோரெடாக்சினோ வந்தால் வளையம் அவிழ்ந்து நொதி மீண்டும் உயிர்பெறும். ஸ்விட்சுக்கு வேண்டியது இதுதான்: அணைக்கவும் முடியவேண்டும், திரும்பப் போடவும் முடியவேண்டும்.

இங்கே கணக்குப் போட்டால் ஒரு சிக்கல் எழுகிறது. பி.டி.பி.1பி பெராக்சைடோடு வினைபுரியும் வேக மாறிலி, மோலாருக்கு நொடிக்கு 20 அளவுதான். செல்லில் 100 நானோமோலார் பெராக்சைடு இருப்பதாகக் கொள்வோம். சமிக்ஞை நேரத்துக்கே அது தாராளமான அளவு. அப்படியும் பாதி நொதி அணைய ஏறக்குறைய 4 நாள் ஆகும். செல்லில் நடப்பதோ 5, 10 நிமிடங்களில். அதோடு, செல்லில் ஏராளமாக இருக்கும் பெராக்சிரெடாக்சின் என்ற புரதத்தின் வேக மாறிலி 1 கோடிக்கும் மேல். சிவப்பணுவில் ஹீமோகுளோபின், கார்பானிக் அன்ஹைட்ரேஸ் இரண்டுக்கும் அடுத்து அதிகம் இருப்பதே பெராக்சிரெடாக்சின்-2தான். பி.டி.பி.1பியைவிட 5 லட்சம் மடங்கு வேகமாகப் பெராக்சைடை விழுங்கும் ஒன்று சுற்றிலும் நிறைந்திருக்கும்போது, செய்தி எப்படிப் போய்ச்சேரும்? பெராக்சிரெடாக்சின் நிறைந்த செல் நீர்மத்தில் ஒரு பெராக்சைடு மூலக்கூறு சில மைக்ரோமீட்டரைத் தாண்டுவதே அரிது.

இந்தக் கேள்விக்கு இன்று ஒரே விடை கிடையாது. சில விடைகள் சேர்ந்தே செயல்படுகின்றன. ஒன்று, இடம். நாக்ஸ் நொதி செல் சவ்வில் ஏற்பியின் பக்கத்திலேயே அமர்ந்து பெராக்சைடு தயாரிக்கிறது. அந்த இடத்திலுள்ள பெராக்சிரெடாக்சின்-1இன் மீது பாஸ்பேட் ஏறி, அது சிறிது நேரம் முடங்குவதை கொரியாவின் சூ கூ ரீ குழு 2010இல் காட்டியது. இன்னொன்று, அஞ்சல் ஓட்டம். பெராக்சைடை முதலில் வாங்குவது பெராக்சிரெடாக்சின்தான். வாங்கிய ஆக்சிஜனேற்றத்தை அது தன்னோடு ஒட்டியிருக்கும் புரதத்திடம் கைமாற்றுகிறது. ஈஸ்டில் ஆர்ப்-1 என்ற புரதம், மரபணுக்களை இயக்கும் யாப்-1 புரதத்துக்கு இப்படிக் கைமாற்றுவதை 2002இலும், மனிதச் செல்லில் பெராக்சிரெடாக்சின்-2 அதேபோன்ற ஸ்டாட்-3 புரதத்துக்குக் கைமாற்றுவதை 2015இலும் கண்டார்கள். காவலாளி என்று நாம் நினைத்தவரே தபால்காரராகவும் இருக்கிறார். மூன்றாவது, பைகார்பனேட்: ரத்தத்திலும் செல்லிலும் கரைந்துள்ள அது பெராக்சைடோடு சேர்ந்து பெராக்சிமோனோகார்பனேட் ஆகி, பி.டி.பி.1பியை இன்னும் வேகமாக அணைக்கிறது. பைகார்பனேட் இல்லாத தாங்கல் கரைசலில் செய்த பழைய சோதனைகளை இந்தக் கண்கொண்டு மறுபடி படிக்கவேண்டும்.

பெராக்சைடு கூடிக்கொண்டே போனால் செல் அடுத்த கட்டத்துக்குப் போகிறது. கீப்-1 என்ற புரதம் சாதாரண நேரத்தில் என்.ஆர்.எஃப்-2 என்ற புரதத்தைப் பிடித்துக் குப்பைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும், அதனால் என்.ஆர்.எஃப்-2இன் அரை ஆயுள் 20 நிமிடம் அளவுதான். கீப்-1இன் சிஸ்டீன்கள் மாறியதும் பிடி தளரும். புதிதாக உருவாகும் என்.ஆர்.எஃப்-2 உட்கருவுக்குள் போய், குளுட்டாதயோன் தயாரிப்பு உள்ளிட்ட நூற்றுக்கணக்கான பாதுகாப்பு மரபணுக்களை இயக்கும். முட்டைக்கோஸ், ப்ரோக்கோலி வகைக் காய்களில் வரும் சல்ஃபோராஃபேன் இந்தச் சிஸ்டீன்களைத்தான், அதிலும் 151ஆம் சிஸ்டீனைத்தான் பிடிக்கிறது. அது தானாக எந்த ரேடிக்கலையும் அணைப்பதில்லை. செல்லுக்கு ஒரு சிறு தொல்லை கொடுத்து, செல்லே தன் காவலை வலுப்படுத்திக்கொள்ளும்படி செய்கிறது.

அழுத்தம் எப்போது சேதமாகிறது? பெரும்பாலும் இரும்பு கலக்கும்போது. பெராக்சைடு பிணைப்பில்லாத இரும்போடு சேர்ந்தால் ஹைட்ராக்சில் ரேடிக்கல் பிறக்கும். இந்த வினையை 1894இல் ஹென்றி ஃபென்டன் விவரித்தார். ஹைட்ராக்சில் ரேடிக்கல் பிறந்த இடத்திலிருந்து சில நானோமீட்டருக்குள் எதைத் தொட்டாலும் அதோடு வினைபுரிந்துவிடும். அதை அணைக்கும் ஆன்ட்டிஆக்சிடன்ட் என்று எதையும் சொல்லமுடியாது, டி.என்.ஏ.வுக்குப் பக்கத்தில் பிறந்த ரேடிக்கலை முந்திப் பிடிக்கவேண்டுமானால் அந்த மருந்து செல்லில் மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாக இருக்கவேண்டும். அதனால்தான் உடல் அதைப் பிடிக்க முயலாமல், இரும்பை ஃபெரிட்டினிலும் டிரான்ஸ்ஃபெரினிலும் பூட்டி வைக்கிறது.

எலெக்ட்ரான் வரத்து நின்றாலும் சேதம்தான். பெராக்சிரெடாக்சினும் குளுட்டாதயோனும் மீண்டும் வேலைக்குத் திரும்ப என்.ஏ.டி.பி.எச். தரும் எலெக்ட்ரான் வேண்டும். மைட்டோகாண்ட்ரியா இல்லாத சிவப்பணுவுக்கு அதைத் தருவது ஜி6பிடி நொதி தொடங்கும் ஒரே பாதை. ஜி6பிடி குறைபாடு உலகில் 40 கோடிக்கும் மேற்பட்டோருக்கு உண்டு. விவாக்ஸ் மலேரியா திரும்ப வராமலிருக்கக் கொடுக்கும் பிரைமாகுவின் மாத்திரை இவர்களில் சிலருக்குச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். ஓரிரு நாளில் சிறுநீர் கறுத்துவரும், கண் மஞ்சளாகும். சோதனையில் நேரும் ஒரு பிழையை இங்கே சொல்லியாக வேண்டும். சிவப்பணு உடைந்துகொண்டிருக்கும் நாள்களில் ஜி6பிடி அளவைப் பார்த்தால் சரியாக இருப்பதுபோல் காட்டலாம். நொதி குறைந்த முதிய அணுக்கள் உடைந்துபோய், நொதி மிகுந்த இளம் அணுக்கள் மிஞ்சியிருப்பதே காரணம். இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி சோதித்தால்தான் உண்மை தெரியும்.

பாராகுவாட் களைக்கொல்லி இன்னொரு கொடுமையான உதாரணம். அது என்.ஏ.டி.பி.எச். வழியே வரும் எலெக்ட்ரானை வாங்கி ஆக்சிஜனுக்குக் கொடுத்து சூப்பராக்சைடாக்கிவிட்டு, தான் பழைய நிலைக்குத் திரும்பி மறுபடியும் எலெக்ட்ரான் வாங்கவரும். நுரையீரல் செல்கள் பாலிஅமீன்களை உள்ளிழுக்கும் வாசலால் அதையும் இழுத்துச் சேர்த்துக்கொள்கின்றன. அங்கே ஆக்சிஜனும் அதிகம். அதனால் பாராகுவாட் நோயாளிக்கு, ஆக்சிஜன் அளவு ஆபத்தாக இறங்கினாலன்றி, கூடுதல் ஆக்சிஜன் கொடுக்க மருத்துவர்கள் தயங்குகிறார்கள். மாற்று மருந்து இல்லை. இலங்கை 2008 முதல் 2011 வரையிலான ஆண்டுகளில் அதைப் படிப்படியாகத் தடைசெய்தது, சரியான முடிவு.

இனி ஆய்வகம். இத்துறையில் தவறு மிக அதிகம் நுழைவது அளவிடும் இடத்தில்தான். கல்லூரி ஆய்வகங்களில் மூலிகைச் சாறுக்கு வழக்கமாகச் செய்வது டி.பி.பி.எச். சோதனை: மெத்தனாலில் 0.1 மில்லிமோலார் ஊதா நிறக் கரைசல், 30 நிமிடம் இருட்டில், 517 நானோமீட்டரில் அளவு. ஊதா மஞ்சளானால் ‘ஆற்றல் மிக்க ஆன்ட்டிஆக்சிடன்ட்’ என்று எழுதிவிடுகிறார்கள். டி.பி.பி.எச். உயிருள்ள எதிலும் இல்லாத ரேடிக்கல். மெத்தனாலில் அதற்கு எலெக்ட்ரான் கொடுத்த பொருள் குடலில் உறிஞ்சப்படுமா, செல்லுக்குள் போகுமா, போய் என்ன செய்யும் என்பதற்கு அந்த நிறமாற்றம் எந்தச் சாட்சியும் இல்லை. உணவுகளை இப்படிக் குழாய்ச் சோதனையால் வரிசைப்படுத்திய ஓராக் பட்டியலை அமெரிக்க வேளாண்துறையே 2012இல் தன் இணையதளத்திலிருந்து எடுத்துவிட்டது.

செல்லில் அளப்பவர்கள் பெரிதும் நம்புவது டி.சி.எஃப். சாயத்தை. அது பெராக்சைடோடு நேரடியாக வினைபுரிவதே இல்லை. இரும்பு, பெராக்சிடேஸ், சைட்டோகுரோம்-சி போன்றவை இடையில் வந்தால்தான் ஒளிரும். அப்போது உண்டாகும் சாயத்தின் ரேடிக்கல் ஆக்சிஜனோடு சேர்ந்து, தானே சூப்பராக்சைடு உண்டாக்கி, அளவைப் பெருக்கிக் காட்டும். நுண்ணோக்கியின் ஒளி பட்டாலும் ஒளிர்வு ஏறும். மஞ்சளின் குர்குமினைச் சோதிப்பவருக்கு இன்னும் இரண்டு கண்ணிகள்: குர்குமின் தானே பச்சையில் ஒளிரும், 7.2 பி.எச். பாஸ்பேட் கரைசலில் அரை மணிக்குள் பெரும்பகுதி சிதைந்தும்விடும். மாலை வரை காத்திருந்த கரைசலில் சோதிக்கப்பட்டது குர்குமின் அல்ல, அதன் சிதைவுப் பொருள்கள்.

மாற்று, ஆர்ஓஜிஎஃப்பி2-ஆர்ப்1 போன்ற மரபணு வழி உணரி, அதாவது செல்லே தயாரித்துக்கொள்ளும் ஒளிரும் புரதம். 405, 488 நானோமீட்டர் இரண்டிலும் தூண்டி, 510 அளவில் ஒளிர்வைப் பார்த்து விகிதம் எடுக்கவேண்டும். ஒவ்வொரு நாளும் அதே செல்லில் எலெக்ட்ரான் தரும் டைதயோத்ரைட்டால் 10 மில்லிமோலார் போட்டு முழு ஒடுக்கத்தையும், டையமைடு போட்டு முழு ஆக்சிஜனேற்றத்தையும் எடுத்தால்தான் இடையில் கிடைக்கும் எண்ணுக்குப் பொருள் வரும். பழைய ஹைப்பர் உணரி பி.எச். மாறினாலும் மாறும், பி.எச்.சை மட்டும் காட்டும் சைஃபரைப் பக்கத்தில் வைக்காமல் அதை நம்பக்கூடாது.

வெளியிலிருந்து பெராக்சைடு சேர்ப்பவர்கள் முதலில் குப்பியைச் சோதிக்கவேண்டும். 30 சதவீதக் குப்பி புதிதாக இருந்தால் சுமார் 9.8 மோலார். 1,000 மடங்கு நீர்த்து 240 நானோமீட்டரில் பார்த்தால் உறிஞ்சுகை 0.43 வரவேண்டும்; மோலார் உறிஞ்சுகை 43.6 என்று வைத்துச் செறிவைக் கணக்கிடலாம். அடுத்து, ‘100 மைக்ரோமோலார் கொடுத்தோம்’ என்று மட்டும் எழுதினால் போதாது. 1 மில்லிலிட்டரில் 1 லட்சம் செல் இருந்தால் செல் ஒன்றுக்கு 1 பிகோமோல். 10 லட்சம் இருந்தால் 0.1 பிகோமோல். முதல் தட்டு செத்து, இரண்டாவது தட்டு பிழைத்தால் அது செல்லின் வலிமையல்ல, தலைக்கணக்கு. வளர்ப்பு ஊடகத்தில் பைருவேட் இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும், பல டி.எம்.இ.எம். ஊடகங்களில் 1 மில்லிமோலார் இருக்கும், அது பெராக்சைடைத் தானே தின்றுவிடும். தேயிலையின் ஈ.ஜி.சி.ஜி., காலிக் அமிலம், வைட்டமின் சி ஆகியவை இதற்கு நேர்மாறு: ஊடகத்தில் தாமே ஆக்சிஜனேற்றம் அடைந்து பெராக்சைடு உண்டாக்கும். ‘புற்றுசெல்லைக் கொன்றது’ என்ற முடிவு வந்தால், கேட்டலேஸ் சேர்த்து மறுபடி செய்துபாருங்கள். கொலை நின்றுவிட்டால், கொன்றது மூலிகை அல்ல, தட்டில் பிறந்த பெராக்சைடு.

குளுட்டாதயோன் விகிதம் அளப்பதில் கெடுவது முதல் நிமிடத்திலேயே. ரத்தத்தில் ஒடுங்கிய குளுட்டாதயோன் 1 மில்லிமோலார் அளவிலும், ஆக்சிஜனேறிய இரட்டை வடிவம் சில மைக்ரோமோலார் மட்டுமேயும் இருக்கும். குழாயில் நிற்கும்போது வெறும் 2 சதவீதம் ஆக்சிஜனேற்றம் அடைந்தாலும் 10 மைக்ரோமோலார் இரட்டை வடிவம் புதிதாக முளைத்துவிடும். நோயாளியின் அழுத்தத்துக்குப் பதில் குழாயின் அழுத்தத்தை அளந்திருப்போம். தயாலைப் பூட்டிவிடும் என்-எத்தில்மேலிமைடைக் குழாயில் முன்பே போட்டுவைத்து அதில் ரத்தத்தை எடுக்கவேண்டும். அமிலம் சேர்ப்பது அதற்குப் பிறகு. 2022இல் மைக்கேல் மர்ஃபி உள்ளிட்ட பெரிய ஆய்வாளர் குழு, ‘ஆர்.ஓ.எஸ். (வினைத்திறன் மிகுந்த ஆக்சிஜன் பொருள்கள்) அளவு கூடியது’ என்று மொத்தமாக எழுதாமல் எந்த மூலக்கூறு என்று பெயர் சொல்லுங்கள் என்று வழிகாட்டியது.

மாத்திரைகளின் கதைக்கு வருவோம். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த ஆய்வு 1994இல் வெளிவந்தது: தினம் 20 மில்லிகிராம் பீட்டா-கரோட்டின் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது. பீட்டா-கரோட்டினோடு வைட்டமின் ஏயும் கொடுத்த அமெரிக்காவின் ‘கேரட்’ (CARET) ஆய்விலும் 28 சதவீதம் கூடியதால் அதை 1996இல் 21 மாதம் முன்னதாகவே நிறுத்தினார்கள். செலினியமும் வைட்டமின் ஈயும் கொடுத்த செலக்ட் ஆய்வில், வைட்டமின் ஈ மட்டும் எடுத்தவர்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடுதலாக வந்ததை 2011இல் வெளியிட்டார்கள். 2009இல் மைக்கேல் ரிஸ்டோ குழு, நான்கு வாரம் உடற்பயிற்சி செய்த இளைஞர்களில் பாதிப்பேருக்குத் தினம் 1,000 மில்லிகிராம் வைட்டமின் சியும் 400 யூனிட் வைட்டமின் ஈயும் கொடுத்தது. மாத்திரை எடுக்காதவர்களுக்குப் பயிற்சியால் இன்சுலின் உணர்திறன் உயர்ந்தது, எடுத்தவர்களுக்கு உயரவில்லை. தசை தனக்குத்தானே அனுப்பிக்கொண்ட செய்தி நடுவில் அழிந்துபோனது என்பதே அந்தக் குழு தந்த விளக்கம். காயும் பழமும் நல்லவையே. அந்த நன்மையை ஒரே மூலக்கூறாகப் பிழிந்து மாத்திரையாக்க முடியும் என்ற எண்ணத்தைத்தான் இந்த ஆய்வுகள் உடைத்தன.

என்-அசிட்டைல்சிஸ்டீனைப் பல ஆய்வுக் கட்டுரைகள் ‘ரேடிக்கல் விழுங்கி’ என்று எழுதுகின்றன. பெராக்சைடோடு அது வினைபுரியும் வேகம் பெராக்சிரெடாக்சினின் வேகத்தில் கோடியில் ஒரு பங்குக்கும் அருகில்தான்; செல்லில் அந்தப் போட்டியில் அதற்கு இடமில்லை. ஆனாலும் அதே மருந்து ஒவ்வொரு நாளும் உயிர் காக்கிறது. பாராசிட்டமால் அளவு மீறினால் கல்லீரலில் என்.ஏ.பி.க்யூ.ஐ. என்ற பொருள் பெருகி, குளுட்டாதயோனைத் தின்று தீர்க்கும். இருப்பு கரைந்ததும் செல்லின் புரதங்களைப் பிடிக்கும். அப்போது என்-அசிட்டைல்சிஸ்டீனைச் சிரைவழியே ஏற்றுகிறார்கள்: வழக்கமான முறையில் கிலோவுக்கு 150 மில்லிகிராம் முதல் 1 மணி நேரத்தில், 50 அடுத்த 4 மணி நேரத்தில், 100 அதற்கடுத்த 16 மணி நேரத்தில். அது கல்லீரலுக்குள் சிஸ்டீனைக் கொண்டு சேர்க்கிறது. செல் அதைக்கொண்டு குளுட்டாதயோனைத் தானே செய்துகொள்கிறது. விழுங்கிய 8 மணி நேரத்துக்குள் தொடங்கினால் கல்லீரல் ஏறக்குறைய எப்போதும் தப்பிவிடும். அதனால் வயிற்றுவலிகூட இல்லாமல் நன்றாக இருப்பதுபோல் தோன்றும் முதல் சில மணி நேரத்திலேயே மருத்துவமனைக்குப் போய்விடவேண்டும். கல்லீரல் வலி தொடங்கும் நேரத்தில் குளுட்டாதயோன் தீர்ந்து வெகுநேரம் ஆகியிருக்கும்.